நூலறுந்த பட்டத்தின் சரித்திரம்

ஆடிக் காற்றில் மொட்டை மாடியில் நின்று பட்டம் விட்டவர்கள் எல்லோருக்கும் ஓர் உண்மை அநுபவத்தில் தெரியும்: பட்டத்தை வானில் நிறுத்துவது காற்று மட்டும் அன்று, அதைக் கீழிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் நூலும்தான். நூல் அறுந்த மறுகணமே, அதுவரை கம்பீரமாக நின்றிருந்த பட்டம் புத்தி பேதலித்தாற்போலச் சுழன்று, எந்த வீட்டுக் கூரையிலோ எந்தப் பனைமரத்து உச்சியிலோ போய்ச் சிக்கிக்கொள்ளுகிறது. கட்டு உள்ளவரையில் உயர்வு, கட்டு அறுந்தால் வீழ்ச்சி என்னும் இந்த நியதியை ஒப்புக்கொள்ள மனம் வராமல், நூலை அறுத்துவிட்ட பின்பும் பட்டம் மிதக்கவேண்டும், மிதந்தது போதும் என்று தோன்றும்போது அது தானே திரும்பி வந்து காலடியில் இறங்கவும் வேண்டும் என்று ஆசைப்பட்ட சிலருடைய பிடிவாதத்திலிருந்து பிறந்ததுதான், இஞ்சின் இல்லாத சிறு கிளைடர் விமானத்தைக் கையாலேயே செய்து, காற்றில் விட்டு, தரையில் நின்றபடி ரேடியோ அலைகளால் அதை நடத்தும் கலை.

இதை வெறும் உவமை என்று எண்ணிவிடலாகாது. சரித்திரமே உண்மையில் ஒரு பட்டத்திலிருந்துதான் தொடங்குகிறது. 1804-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் யார்க்ஷயர் பிரதேசத்தில் பிராம்ப்டன் என்னும் ஊரில் வாழ்ந்த ஸர் ஜார்ஜ் கேலி என்னும் நிலச்சுவான்தார், ஏறக்குறைய 1.5 மீட்டர் நீளமுள்ள ஒரு கோலை எடுத்து, அதன்மேல் சிறுவர்கள் விடும் சாதாரணக் காகிதப் பட்டம் ஒன்றை முன்புறம் சற்றே நிமிர்ந்திருக்குமாறு பொருத்தி, கோலின் பின்முனையில் சிலுவை வடிவான வால் ஒன்றை வேண்டியபடி திருப்பத்தக்கதாக அமைத்து, முன்புறத்தில் நகர்த்தக்கூடிய சிறு எடை ஒன்றையும் வைத்து, அதை மலைச்சரிவிலிருந்து கையால் விட்டுப் பார்த்தார். வாலை எந்தக் கோணத்தில் வைத்தாரோ அதற்கு இணங்க அது திரும்பியது. எடையை நகர்த்தி வைத்தபோது அதற்கு இணங்க இறங்கியது. பதற்றம் எதுவும் இன்றிச் சரிவின் அடிவாரம்வரை மிதந்து சென்று அமர்ந்தது. தாங்குவதற்கு ஓர் இறக்கை, நிலைநிறுத்துவதற்கு ஒரு வால், இவ்விரண்டையும் சமன்செய்ய மூக்கில் ஒரு பாரம் என்று அன்று அவர் வகுத்த அமைப்பே இன்றளவும் மாறவில்லை. இன்று மாதிரி கிளைடர் செய்பவன், கடைசி வேலையாக, இறக்கையின் அடியில் இரண்டு விரல்களை வைத்துத் தூக்கி, மூக்கில் ஈயத் துண்டுகளைக் கூட்டியும் குறைத்தும் சமநிலையைத் தேடுகிறானே, அவன் கேலி செய்ததைத்தான் செய்கிறான்.

கேலிக்குப் பின் வந்தவர்களில் இருவரை இங்கே நினைவுகூர்வது தகும். 1871-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பாரிஸ் நகரத்து துய்லெரித் தோட்டத்தில், அல்போன்ஸ் பெனோ என்னும் இளைஞர், முறுக்கிய ரப்பரால் சுழலும் விசிறி பூட்டிய சிறு மாதிரி ஒன்றைப் பறக்கவிட்டு, சரியான கோணத்தில் அமைந்த வால் ஒன்று இருந்துவிட்டால் விமானம் தன்னைத்தானே நிலைப்படுத்திக்கொள்ளும் என்பதைக் கூடியிருந்தோர் கண்முன் நிரூபித்தார். அது பறந்தது 11 விநாடிகள்தாம், ஆனால் மனிதக் கை தொடாமலே சமநிலை காக்கும் பொருள் ஒன்றை ஆகாயத்தில் நிறுத்தமுடியும் என்பதற்கு அவ்வளவு நேரமே போதுமானதாயிற்று. ஜெர்மனியில் ஓட்டோ லிலியந்தால் என்பவர் 1891-ஆம் ஆண்டு முதல் தம் உடலையே கிளைடரில் தொங்கவிட்டுக் குன்றுகளிலிருந்து மிதந்து பழகி, பெர்லினுக்கு அருகில் தமக்கென்று ஒரு மண்மேட்டையும் எழுப்பிக்கொண்டு, ஏறக்குறைய 2,000 தடவை பறந்தபின், 1896-இல் காற்றின் திடீர்த் தாக்குதலால் கீழே விழுந்து உயிர் துறந்தார். மாதிரி விழுந்தால் குச்சி முறியும். மனிதன் விழுந்தால் உயிர் போகும். இந்த வித்தியாசம்தான் பின்னால் வந்த எத்தனையோ நிபுணர்களை, முதலில் சிறிதாகச் செய்து பார்ப்போம் என்று எண்ணச் செய்தது.

அப்படி எண்ணியவர்கள் கூடிய இடங்களில் தலையாயது, ஜெர்மனியின் நடுவே ரோன் மலைத்தொடரில் 950 மீட்டர் உயரத்தில் நிற்கும் வாஸர்குப்பே என்னும் மொட்டை மலை. மரங்கள் அதிகம் இல்லாத புல்வெளிச் சரிவுகள் நாற்புறமும் இறங்கிச் செல்வதால், காற்று எத்திசையிலிருந்து அடித்தாலும் அதை எதிர்கொள்ள ஒரு சரிவு அங்கே காத்திருக்கும். 1911-ஆம் ஆண்டிலேயே டார்ம்ஷ்டாட் நகரத்து மாணவர் சிலர் அங்கே கூடாரம் அடித்துத் தாங்கள் செய்த கிளைடர்களை ஓட்டினார்கள். மறு ஆண்டு அவர்களுள் ஹான்ஸ் கூட்டர்முத் என்பவர் 838 மீட்டர் தூரம் மிதந்தார். பிறகு உலக யுத்தம் வந்தது, அவரையும் கொண்டுபோயிற்று.

யுத்தம் முடிந்து 1919-இல் கையெழுத்தான வெர்ஸேல்ஸ் உடன்படிக்கை, தோற்ற நாட்டின் விமானப்படையைக் கலைத்து, இஞ்சின் விமானங்கள் கட்டுவதற்கும் கடுமையான தடைகளை விதித்தது. ஆனால் இஞ்சினே இல்லாத விமானத்தைப் பற்றி எண்ணிப்பார்க்க வென்றவர்களுக்குத் தோன்றவில்லை. அந்தச் சிறு இடைவெளிக்குள்ளே ஒரு தலைமுறையே நுழைந்துவிட்டது. 'ஃப்ளுக்ஸ்போர்ட்' பத்திரிகையின் ஆசிரியர் ஓஸ்கார் உர்ஸினுஸ் அழைத்த அழைப்புக்கு இணங்க 1920-ஆம் ஆண்டுக் கோடையில் வாஸர்குப்பேயில் முதற்போட்டி கூடியது. வோல்ஃப்காங் கிளெம்பரர் 2 நிமிஷம் 22 விநாடி பறந்ததே அவ்வாண்டின் பெருஞ்சாதனை. இரண்டே ஆண்டுகளில், ஹனோவர் மாணவர்களின் 'வாம்பீர்' என்னும் கிளைடரில் ஆர்தர் மார்ட்டென்ஸ் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் காற்றில் நின்றார். 1926-இல் மாக்ஸ் கேகல் என்பவரை இடிமேகம் ஒன்று உள்ளே இழுத்து, ஆட்டிப்படைத்து, 55 கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் விட்டது. 1929-இல் ராபர்ட் கிரான்ஃபெல்ட் 100 கிலோமீட்டர் எல்லையைத் தாண்டினார். சரிவில் மோதி மேலெழும் காற்று, வெயிலில் காய்ந்த நிலத்திலிருந்து குமிழிபோல் கிளம்பும் வெப்பக் காற்று, மேகத்தின் வயிற்றில் சுழலும் காற்று என ஆகாயத்தின் படிக்கட்டுகளை மனிதன் ஒவ்வொன்றாக அறிந்துகொண்டது இந்தப் பத்து ஆண்டுகளில்தான். நம் ஊர்க் கருடன் இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டு மேலேறும் ரகசியத்தை நாம் காலங்காலமாகப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தோம். அவர்கள் அதன் பின்னாலேயே ஏறிப் போனார்கள்.

அந்த மலையில் பெரிய விமானமும் சிறிய மாதிரியும் தாயும் குழந்தையும்போல ஒன்றாகவே வளர்ந்தன. வாலே இல்லாத விமானங்களைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருந்த அலெக்ஸாண்டர் லிப்பிஷ், அவற்றில் மனிதனை ஏற்றுவதற்கு முன்னால் மாதிரிகளைச் சரிவில் விட்டே தம் எண்ணங்களைப் பரீட்சித்தார். இவ்விதம் விஞ்ஞானியின் கருவியாகவும் சிறுவனின் விளையாட்டாகவும் ஒருங்கே இருந்த மாதிரி கிளைடர், 1933-க்குப் பின் வேறொரு நோக்கத்துக்கும் இரையாயிற்று. நாஜி அரசாங்கம் பள்ளிக்கூடங்களில் மாதிரி கிளைடர் கட்டுவதைப் பயிற்சியாகப் புகுத்தி, இன்று குச்சியையும் காகிதத்தையும் ஒட்டும் சிறுவனை நாளை போர்விமானத்தில் உட்காரவைக்கும் ஏணியின் முதற்படியாக அதை ஆக்கியது. அந்த ஏணியில் ஏறிய பிள்ளைகளில் எத்தனையோ பேர் திரும்பி இறங்கவில்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் தோற்ற ஜெர்மனிக்கு மீண்டும் கிளைடர் ஓட்ட அநுமதி கிடைத்தது 1951-ஆம் ஆண்டில்தான்.

இதுவரை சொல்லிய மாதிரிகள் எல்லாம் கையைவிட்டுப் போனால் போனவைதாம். அவற்றை மேலேற்றுவதற்கு நீண்ட கயிறு ஒன்று உண்டு. விமானத்தின் அடிவயிற்றில், எடை நடுவத்துக்குச் சற்று முன்னால் உள்ள கொக்கியில் கயிற்றின் வளையத்தை மாட்டிக்கொண்டு ஒருவன் காற்றை எதிர்த்து ஓட, கிளைடர் பட்டம்போல ஏறும். தலைக்கு நேர் மேலே வந்ததும் வளையம் தானே நழுவிவிடும். அந்தக் கணம் முதல் அது காற்றின் சொத்து. போட்டிகளில் இந்தக் கயிற்றின் நீளம் 50 மீட்டர் என்று வரையறுக்கப்பட்டது. அது நல்ல வெப்பக் காற்றில் சிக்கிவிட்டால், கட்டியவனுக்கு ஏற்படும் ஆனந்தம் சில நிமிஷங்களில் துக்கமாக மாறும். ஏனெனில் அது வட்டமிட்டு வட்டமிட்டு ஏறி, புள்ளியாகி, புள்ளியும் மறைந்து, வயல்களையும் ஆறுகளையும் கடந்து போய்விடும். வாரக் கணக்கில் இரவில் விளக்கடியில் உட்கார்ந்து கட்டியது, நன்றாகக் கட்டிய ஒரே குற்றத்துக்காகத் தொலைந்துபோகும். மோசமாகக் கட்டியவன் தன் விமானத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு திரும்புவான். திறமைசாலி வெறுங்கையுடன் திரும்புவான்.

இந்த விபரீதத்துக்குப் பரிகாரங்கள் தேடினார்கள். முதலாவது, இறக்கையின்மேல் உரிமையாளன் தன் பெயரையும் முகவரியையும் எழுதி, கண்டெடுப்பவர் தெரிவித்தால் சன்மானம் உண்டு என்றும் குறிப்பது. இரண்டாவது இன்னும் சாதுரியமானது: வாலை ஒரு ரப்பரால் மேல்நோக்கி இழுத்துக் கட்டி, அதைத் தடுத்து நிறுத்தும் மற்றொரு ரப்பரின் அடியில் மெதுவாகக் கனியும் ஒரு திரியைச் செருகிக் கொளுத்திவிடுவார்கள், குறித்த நிமிஷங்கள் கழிந்ததும் திரி ரப்பரைச் சுட்டு அறுக்க, வால் சடக்கென்று நிமிர, விமானம் மிதக்கும் சக்தியை இழந்து, தட்டையாகவே, அடிபடாமல் கீழிறங்கும். மூன்றாவது பரிகாரம் மலைச்சரிவில் பறப்பவர்களுக்கு: மூக்கில் ஒரு காந்த ஊசியை வைத்து அதனோடு சுக்கானை இணைத்துவிட்டால், கப்பல் திசைகாட்டியைப் பார்த்துச் செல்வதுபோல, கிளைடர் காற்றை நோக்கிக் குறித்துவைத்த திசையிலேயே முகம் திருப்பி நிற்கும். காந்தத்தினால் நடத்தப்படும் இந்தக் கிளைடர்களுக்கு இன்றும் சர்வதேசப் போட்டிகள் உண்டு. மூன்று பரிகாரங்களிலும் உள்ளூர இருந்த ஏக்கம் ஒன்றே: பறப்பதைத் தடுக்காமல், திரும்புவதற்கு மட்டும் வழிசெய்யும் ஒரு நூல் வேண்டும்.

அந்த நூல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு முன்பே நூற்கப்பட்டுவிட்டது. 1898-ஆம் ஆண்டில், நிக்கோலா டெஸ்லா, நியூயார்க் நகரத்து மாடிஸன் சதுக்க மண்டபத்தில் ஒரு தொட்டி நீரில் சிறு படகை மிதக்கவிட்டு, கம்பி ஏதும் இன்றித் தூரத்திலிருந்தே அதைத் திருப்பிக் காட்டினார். ஆனால் நீரில் மிதக்கும் படகு பாரத்தைத் தாங்கும். காற்றில் மிதக்கும் பொருளுக்கு ஒவ்வொரு கிராமும் பகை. ஆகவே அந்த நூல் ஆகாயத்தை எட்ட நாற்பது ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் கலமஸூ என்னும் ஊரில், வால்ட்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டைச் சகோதரர்கள் இருந்தனர். ஒருவருக்கு மாதிரி விமானத்தில் பித்து, மற்றவருக்கு ரேடியோவில் பித்து. இரு பித்துகளும் ஒரே வீட்டில் கூடியதன் பலனாக 1937-இல் 'கஃப்' என்னும் அவர்களுடைய விமானம் ரேடியோவின் சொல் கேட்டுப் பறந்தது. அது இஞ்சின் உள்ள மாதிரிதான்; ஆயினும் ரேடியோ மாதிரிகளின் முன்னோடி என்ற மதிப்புடன் அது வாஷிங்டன் நகரத்து ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையில் இன்று வைக்கப்பட்டிருக்கிறது. 1938-இல் ரேதியான் கம்பெனி, இத்தகைய மாதிரிகளுக்கென்றே ஆர்கே-61 என்னும் சிறு வால்வு ஒன்றைச் செய்து விற்கத் தொடங்கியதும், ஒற்றை வால்வைக் கொண்டே ஒரு ரேடியோவை அமைத்து மாதிரியின் வயிற்றில் வைக்க முடிந்தது.

அந்நாளைய ரேடியோ ஒரே ஒரு வார்த்தைதான் பேசும். தரையில் உள்ளவன் பொத்தானை அழுத்தினால், விமானத்துக்குள் முறுக்கிவைத்த ரப்பரின் பலத்தில், கடிகாரத்தில் இருப்பது போன்ற எஸ்கேப்மென்ட் ஒன்று ஒரு படி நகர்ந்து சுக்கானை வலப்புறம் திருப்பும், விட்டால் நேராகும், மறுமுறை அழுத்தினால் இடப்புறம். முந்திய தடவை எப்பக்கம் திரும்பியது என்பதை மறந்துவிட்டவன் தன் விமானத்தைத் தானே மரத்தில் ஏற்றுவான். ரப்பரின் முறுக்கு தீர்ந்தாலோ, ஆகாயத்தில் உள்ளது மறுபடியும் நூலறுந்த பட்டம்தான். இவ்வளவு திக்குவாய்க் கருவியைக்கொண்டு பாய்ந்து புரளும் இஞ்சின் விமானத்தை நடத்துவது பெரும்பாடு. ஆனால் கிளைடருக்கோ அது ஏறக்குறையப் போதுமானதாகவே இருந்தது. கயிற்றில் ஏற்றித் தானே பறக்கவிட்ட நாட்களில், மனித உதவியே இல்லாமல் சமநிலை காக்கும்படி, இரு இறக்கைகளும் நுனியில் சற்று மேல்நோக்கி வளைந்தவையாகக் கிளைடர்களைச் செதுக்கிப் பழகியிருந்தார்கள். சுயபுத்தி உள்ள அத்தகைய விமானத்துக்கு ஓயாத கட்டளை வேண்டாம். எப்போதோ ஒருமுறை, 'இப்பக்கம் வா' என்று ஒரு ஜாடை போதும். நல்ல பிள்ளையை வளர்த்தவர்களுக்கு அதட்டும் வேலை குறைவு.

பிறகு ரேடியோவின் நாக்கு திருந்திய கதை வேகமாக நடந்தது. 1950-களில், ஆர்மோனியத்தின் ரீடுகளைப்போல, ஒவ்வொரு சுருதிக்கும் ஒவ்வொன்றாக அதிரும் மெல்லிய உலோக நாக்குகளை விமானத்துக்குள் வைத்து, சுருதியை மாற்றி அனுப்பிச் சுக்கான், வால் முதலியவற்றைத் தனித்தனியே அசைக்கத் தொடங்கினார்கள். எனினும் அசைந்தால் முழுவதும் அசையும், இல்லையேல் அசையாது, நடுநிலை கிடையாது. 1960-களின் முற்பகுதியில், டக் ஸ்ப்ரெங், டான் மேதஸ் ஆகிய அமெரிக்கர் இருவரின் முயற்சியால், கை எவ்வளவு அசைகிறதோ அவ்வளவே சுக்கானும் அசையும் முறை கடைக்கு வந்தது. சுமார் 1 மில்லி விநாடியிலிருந்து 2 மில்லி விநாடி வரை நீளும் மின்துடிப்பு ஒன்று, விநாடிக்கு ஏறத்தாழ 50 தடவை போய்ச் சேருகிறது. துடிப்பின் நீளத்தைப் பார்த்து 'ஸர்வோ' என்னும் சிறு மோட்டார் தன் கையை அந்த அளவுக்குத் திருப்பி நிறுத்துகிறது. டிரான்ஸிஸ்டர் வந்து பாரத்தையும் குறைத்தது. ஆயினும் இரண்டு பேர் ஒரே அலைவரிசையில் பேசினால் இருவர் விமானமும் பைத்தியம் பிடித்து விழும் ஆபத்து நெடுங்காலம் நீங்கவில்லை. பறக்கும் மைதானங்களில் பலகை ஒன்றை நட்டு, அலைவரிசை எண்கள் எழுதிய துணிக் கிளிப்புகளை அதில் வரிசையாக மாட்டியிருப்பார்கள். தன் எண்ணுக்கு உரிய கிளிப்பைக் கையில் எடுத்துக்கொள்ளாமல் ரேடியோவைத் திறப்பது அந்தச் சமூகத்தில் மகா பாதகம். 2005-ஆம் ஆண்டை ஒட்டி, தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேடிக்கொள்ளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்கள் பரவிய பின்னரே அந்தப் பலகைகள் வேலை இழந்தன.

நூலின் கதை இப்படி இருக்க, பட்டத்தின் கதையையும் சொல்லவேண்டும். தென் அமெரிக்காவில், முக்கியமாக எக்வடோர் தேசத்தில், மழைக்காட்டில் மளமளவென்று வளர்ந்து ஆறு முதல் பத்து ஆண்டுக்குள் வெட்டுக்குத் தயாராகும் பால்சா மரம், மரங்களுக்குள் பஞ்சு போன்றது. தெப்பம் என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லே அதன் பெயர். இந்த மரத்துத் தகடுகளைக் கூரிய கத்தியால் அறுத்து, மீனின் விலா எலும்புகள்போல் இருபது முப்பது குறுக்குச் சட்டங்களைச் செய்து, நீளவாக்கில் ஓடும் முதுகுச் சட்டத்தில் ஒவ்வொன்றாகக் கோத்து ஒட்டி, வரைபடத்தின்மேல் குண்டூசிகளால் அசையாமல் குத்திவைத்து, பசை உலர்ந்தபின், எலும்புக்கூட்டின்மேல் மெல்லிய காகிதத்தையோ பட்டையோ போர்த்தி, அதில் 'டோப்' என்னும் வார்னிஷைப் பூசினால், அந்தப் போர்வை உலர்ந்து இறுகி மத்தளத் தோல்போல விறைத்துக்கொள்ளும். அப்போது ஒரு பக்கம் அதிகமாக இழுத்துக்கொண்டால் இறக்கை முறுகிப்போம். முறுகிய இறக்கை ஆகாயத்தில் சுழற்றி அடிக்கும். ஆகவே உலரும் வரையில் அதன்மேல் பாரம் வைத்துக் காத்திருக்கும் பொறுமை, கத்தி பிடிக்கும் திறமையைவிடப் பெரிதாக மதிக்கப்பட்டது.

ஆனால் எவ்வளவு நேர்த்தியாகக் கட்டினாலும் சிறிய இறக்கை பெரிய இறக்கையைப்போல மிதப்பதில்லை என்ற கசப்பான அநுபவம் எல்லோருக்கும் இருந்தது. காரணம் காற்றில் இருந்தது. 1883-ஆம் ஆண்டில் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் என்னும் விஞ்ஞானி கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரில் சாயத்தைக் கலந்து காட்டிய உண்மையை அடிப்படையாகக் கொண்டு பார்த்தால், அளவும் வேகமும் குறையக் குறைய, காற்றே பறக்கும் பொருளுக்குத் தேன்போலப் பிசுபிசுப்பாகிவிடுகிறது. பெரிய விமானத்துக்கு உகந்த தடித்த இறக்கையைச் சிறிதாக்கிவிட்டால், அதன் முதுகில் ஓடும் காற்று பாதி வழியிலேயே பிரிந்து விலகிவிடுகிறது. ஜெர்மானியரான எஃப். டபிள்யூ. ஷ்மிட்ஸ் இதைத் தனியே ஆராய்ந்து, அவ்வளவு சிறிய அளவில் மெல்லிய வளைந்த தகடே தடித்த இறக்கையை வென்றுவிடும் என்பதை 1942-இல் வெளியான தம் நூலில் எடுத்துரைத்தார். அந்த ஞானத்திலிருந்து பிறந்த உபாயம் ஒன்று மிக அழகானது: இறக்கையின் முன்விளிம்புக்குச் சற்றுப் பின்னால், நீளவாக்கில், ஒரு சாதாரணத் தையல் நூலை ஒட்டிவிடுவது. அந்த நூலில் இடறிய காற்று சிறிது கலங்கி, கலங்கியதாலேயே இறக்கையை விட்டு விலகாமல் ஒட்டிக்கொண்டு ஓடும். பட்டத்தைப் பிடித்திருந்த நூலை அறுத்தவர்கள், அதில் ஒரு துண்டை இறக்கையின்மேலேயே ஒட்டிவைத்துக்கொண்டார்கள்.

பிறகு வந்த விஞ்ஞானிகளில் ரிச்சர்ட் எப்ளர் விசேஷமானவர். 1957-இல் பறந்த, கண்ணாடி நாரினால் ஆன முதல் கிளைடர் என்ற புகழ் பெற்ற 'ஃபீனிக்ஸ்' விமானத்தை ஸ்டுட்கார்ட் நகரத்தில் உருவாக்கியவர்களுள் ஒருவரான அவர் கணக்கிட்டுத் தந்த இறக்கை வடிவங்களை, அவருடைய பெயரின் முதலெழுத்தோடு ஓர் எண்ணையும் சேர்த்துச் சொல்லி, உலகெங்கும் மாதிரி கட்டுபவர்கள் தலைமுறைக்கும் செதுக்கினார்கள். 1980-களில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் மைக்கேல் ஸெலிக் என்பவரும் அவருடைய நண்பர்களும், மாதிரி கட்டுவோரே செய்து அனுப்பிய இறக்கைத் துண்டுகளைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளந்தார்கள். மாசசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் மார்க் ட்ரேலா, 1988-இல் மனிதன் மிதித்தே கிரீட் தீவிலிருந்து ஸாண்டொரினி அருகே கடல் தாண்டிய 'டெடலஸ்' விமானத்தின் சிருஷ்டிகர்த்தர்களில் ஒருவர். அவரே மாதிரி கிளைடர்களுக்கும் இறக்கைகளை வகுத்து, வரைபடங்களை எல்லோருக்கும் தாராளமாக வழங்கினார். உயர்ந்த சாஸ்திரம் இவ்வளவு கூச்சமின்றி ஒரு பொழுதுபோக்கோடு ஒரே பாயில் உட்கார்ந்ததை வேறு துறைகளில் அதிகம் காணமுடியாது.

மேலேற்றும் முறைகளும் மாறின. ஓடும் மனிதனுக்குப் பதிலாக, தரையில் அறைந்த முளையில் கட்டிய நீண்ட ரப்பர்க் கயிறு உண்டிவில்போல் இழுத்து எறிந்தது. பிறகு மோட்டார் காரை உயிர்ப்பிக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரையே உருளையில் பூட்டி, கயிற்றைச் சுருட்டும் 'வின்ச்' வந்தது. 1977-இல் தென் ஆப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் ரேடியோ கிளைடர்களின் முதல் உலகப் போட்டி நடந்தபோது, ஒரே விமானம் நெடுநேரம் மிதக்கவும், நெடுந்தூரம் செல்லவும், மிகுந்த வேகத்தில் பாயவும் வல்லதாக இருக்கவேண்டும் என்பது விதி. வேறொரு வகையில் கயிறே இல்லை: 1.5 மீட்டருக்கு மேற்படாத இறக்கையின் நுனியில் உள்ள சிறு முளையை இரண்டு விரல்களால் பற்றி, ஒருவன் வட்டத்தட்டு எறிபவனைப்போல் ஒரு சுற்றுச் சுழன்று விடுகிறான். 300 கிராம்கூட இல்லாத அந்தக் கிளைடர் 60 மீட்டர் உயரத்தையும் தாண்டிவிடுகிறது.

இத்தகைய உலகப் போட்டிகள் தவிர வேறு பாதையும் உண்டு. 1969-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'மௌனப் பறப்புச் சங்கம்' ஐந்து படிகளை வகுத்தது. ஐந்தாம் படி ஏறவேண்டுமானால், சமவெளியில் வெப்பக் காற்றை மட்டும் நம்பி இரண்டு மணி நேரமும், மலைச்சரிவில் எட்டு மணி நேரமும் தொடர்ந்து மாதிரியைப் பறக்கவிட்டு, 10 கிலோமீட்டர் தொலைவுள்ள குறியைத் தொட்டுத் திரும்பியும் காட்டவேண்டும். எட்டு மணி நேரம் கழுத்தை நிமிர்த்தி ஆகாயத்தைப் பார்த்து நிற்பது, யோகிகளுக்கும் எளிதன்று.

இந்தச் சாதனைகளை எல்லாம் தூக்கி அடிப்பது இன்னொன்று. ரேலே பிரபு, ரேனால்ட்ஸ் தம் ஆராய்ச்சியை வெளியிட்ட அதே 1883-இல், பறவை இறக்கையடிக்காமல் பறக்கவேண்டுமானால் காற்று மேலெழவேண்டும் என்ற அவசியம் இல்லை, வேகம் வேறுபட்ட இரு காற்றடுக்குகளுக்கு இடையே மாறி மாறிப் பாய்ந்தாலே போதும் என்று எழுதினார். ஆல்பட்ராஸ் என்னும் கடற்பறவை வாழ்நாளெல்லாம் செய்வது அதுதான். 1990-களின் நடுவில் ஜோ வுர்ட்ஸ் என்னும் அமெரிக்கர், மலைமுகட்டின் முன்புறம் அல்ல, காற்று மறைந்திருக்கும் பின்புறத்தில் தம் கிளைடரை வட்டமிடவிட்டு அந்த வித்தையைச் செய்து காட்டினார். ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூடிக்கொண்டே போகும். 2021-ஆம் ஆண்டு ஜனவரியில், கலிபோர்னியாவில் பார்க்கர் மலையில், இஞ்சினோ விசிறியோ இல்லாத ஒரு மாதிரி மணிக்கு 880 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் பறந்தது. பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் ஜெட் விமானத்தின் வேகம் அது.

அந்த மாதிரியைத் தரையில் நின்று நடத்திய மனிதனின் கையில் இருந்தது ஒரு ரேடியோப் பெட்டி. அதிலிருந்து புறப்பட்ட அலைகளில் அந்த விமானத்தை ஓர் அங்குலம் உந்தும் பலம்கூட இல்லை. சுக்கானைத் திருப்பு, வாலைச் சாய் என்று சொல்லும் அதிகாரம் மட்டுமே அவனுக்கு. தூக்குவதும் உந்துவதும் காற்றின் காரியம். பட்டத்தின் நூல் காற்றை எதிர்த்து இழுத்து உயரத்தைத் தந்தது. இந்த நூலோ எதையும் இழுப்பதில்லை, காற்று எங்கே இருக்கிறது என்று நூலின் மறுமுனையில் நிற்பவனுக்குத் தெரிந்தால்தான் அதனால் பயன். இருநூறு ஆண்டுப் பிரயத்தனத்துக்குப் பிறகு மனிதன் சம்பாதித்தது ஆகாயத்தின்மேல் ஆட்சியை அன்று. அதனிடம் நயமாகப் பேசுவதற்கு ஒரு பாஷையை.

வாஸர்குப்பே மலையின்மேல் இன்று கிளைடர்களுக்கென்று ஒரு காட்சிசாலை நிற்கிறது. மனிதனைச் சுமந்த பெரிய கிளைடர்களோடு மாதிரி விமானங்களையும் சேர்த்தே தன் பெயரில் தாங்கியிருக்கும் அந்தக் கட்டடத்துக்கு வெளியே, சரிவுகளில், இன்றும் மாதிரிகள் பறக்கின்றன. கார்பன் நாரும் கணக்கிட்ட வளைவும் கொண்டு, அலைவரிசை மோதாத ரேடியோவும் பொருத்திய அந்த நவீன விமானங்களில் ஒன்றை எடுத்துப் பார்த்தால், அதன்மேல் எங்கோ ஒரு மூலையில், இன்றைய சட்டமும் கேட்பதால், உரிமையாளனை அறிவதற்கு ஒரு சிறு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். சட்டம் வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே, கயிறு நழுவியதும் கையசைத்து வழியனுப்பிய அந்தப் பழைய ஆட்கள் எழுதிவைத்த முகவரிதான் அது.